வேண்டுமென்றே தோற்ற ஆட்டம்

செவ்வாய், இரவு.

கல்யாணமாகி ஒரு மாதம். இன்றுதான் அவரிடம் முதல் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் லேப்டாப்பில் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் பலவற்றின் ஆட்களை ரசிகர்களே ஒன்றுசேர்த்துச் செய்தது, பிரவுசரிலேயே ஓடும். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டு மூடப் போனார்.

"இருக்கட்டுங்க, நானும் ஹாஸ்டல்ல ஆடியிருக்கேனுங்க" என்றேன்.

ஒரே கீபோர்டில் தோள் உரச உட்கார்ந்தோம். நான் அதிலிருந்த ஒரு செம்முடிக்காரியை என் ஆளாக எடுத்தேன். முதல் ஆட்டத்தில் அவரை நொறுக்கிவிட்டேன். "மாப்பிள்ளைகிட்ட எதுலயும் போட்டி போடாத கண்ணு" என்று அம்மா வெள்ளகோவிலில் சொல்லி அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த ஆட்டத்தில் கையைத் தளர்த்தினேன். அவர் ஜெயித்தார்.

"ஏனுங்க அம்மணி, வேணும்னே தோத்துப்போட்டீங்களா?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"என்றகிட்ட இப்படி நடிக்காதீங்க." எழுந்து போய்விட்டார். சாப்பிடும்போதும் பேச்சில்லை.

அழுகை வந்தது. இதை எழுதும்போது ஹாலில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து ஆடிப் பழகிக்கொண்டிருக்கிறார். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டருக்கு என் செம்முடிக்காரியைக் கொடுத்திருக்கிறார். அவளிடம் அடிவாங்கி விழுந்து, சிரித்துக்கொண்டே மறுபடியும் தொடங்குகிறார்.

பேனாவை மூடுகிறேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.