நான்சி நீதானா

அன்பு மகள் ஹியோ-தொங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே மக்காவில் அப்பா, நான், உன் மாமா சி-கியோங் மூவரும் சுகம். நீயும் சுகமென்று வாரா வாரம் போனில் சொல்கிறாய், அதை நம்ப முடியாமல்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கிறேன். பிஸ்கட் டப்பாவில் அட்டைக்கு அடியில் கடிதத்தை வைத்து அனுப்புகிறாளே, அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று நினைக்காதே. போனில் எழுதினால் உன் கம்பெனிக்காரர்கள் படிப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். மூன்றாம் மாடி புய்-சி தன் சிநேகிதி கல்யாணத்துக்கு நீ இருக்கும் மணிலாவுக்கு வருவதாகச் சொன்னதும் இதைவிட நல்ல கை கிடைக்காது என்று அவளிடமே கொடுத்துவிட்டேன். அறையில் யாரும் இல்லாதபோது படி, இடமில்லை என்றால் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாவது படி.

தெற்குக் காற்று வந்துவிட்டது, சுவர் எல்லாம் வியர்க்கிறது, துவைத்த துணி காயாமல் நாறுகிறது. அப்பா இன்னும் அந்த ஓட்டல் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார், முழங்கால் வலி என்கிறார், வைத்தியரிடம் போகச் சொன்னால் பஸ்ஸுக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்கிறார். எனக்கு பிஸ்கட் கடை வேலை பழகிவிட்டது. நான் இருந்த சூதாட்ட விடுதியில் பணக்கார விருந்தினர் கூடம் மூடியபோது அழுதேன் இல்லையா, இப்போது நினைத்தால் எதற்கு அழுதேன் என்றிருக்கிறது. இத்தனை வருஷம் பட்டு உடை போட்டுக்கொண்டு சூதாடுகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றி, அவர்கள் பிள்ளைகள் பெயரைக்கூட மனப்பாடம் செய்து, எழுந்திருக்கப் போகிறவரிடம் சிரித்துப் பேசி உட்காரவைத்த வேலை. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். அந்த வேலையைப் பார்த்தவள் என்பதால்தான் எனக்கு எவரும் இனிக்க இனிக்கப் பேசினால் முதுகு கூசுகிறது, இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் மாமா சூதாட்டக் கூடத்தில் சீட்டுக் கலைத்துப் போடும் வேலையில்தான் இன்னும் இருக்கிறான். வேலை நேரம் முடிந்தால் எங்களைப் போன்றவர்கள் எந்தச் சூதாட்டக் கூடத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து அவன் ஆட்டம் போனுக்குள் போய்விட்டது. ஊர் முழுக்கக் கூடம், இவன் மட்டும் சோபாவில் சாய்ந்துகொண்டு கையகலத் திரையில் ஆடுகிறான். வேடிக்கைக்கு ஆடுகிறவன் இல்லை, கள்ளுக்கடைக்காரன் கள்ளை மோந்து பார்ப்பது போல ஒவ்வொரு சூதாட்ட இணையத் தளத்தையும் மோந்து பார்ப்பான். முதலில் பணம் போட மாட்டான். அங்கே பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேச்சுக் கொடுப்பான். தனக்குப் பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்பான். கடைசியாக, “என் கணக்கை மூடணும், எப்படி மூடறது” என்பான். நேராக வழி சொல்லிவிட்டால் அது நல்ல இடமாம். ஏன் சார் போகிறீர்கள், இந்தாருங்கள் பரிசு என்று இழுத்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். ஏண்டா இந்தக் கூத்து என்று கேட்டால், “அக்கா, கூடத்துல தகராறுன்னா கேமரா இருக்கு, மேலாளு இருக்கான், மேசையத் தட்டிக் கத்தலாம். இங்க எனக்கு இருக்கறது எழுதிக் கேக்கற அந்தச் சின்னப் பொட்டிதான். அதுக்குள்ள நெசமா ஒரு ஆளு இருக்கா இல்லையாங்கறதுதான் முழு ஆட்டமே. தோத்தா என் தலையெழுத்து, ஜெயிச்சதக் கேக்கும்போது பொட்டி ஊமையாப் போச்சுன்னா அது திருட்டு” என்பான். பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

அப்படித் தேடி ஒரு இடத்தில் நிலைத்தான். காரணம் நான்சி என்கிற பெண். எல்லோருக்கும் கம்பெனியே பெயர் வைக்கிறது போலிருக்கிறது. குரல் கிடையாது, எழுத்துதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொன்னால் சொன்னபடி வருவாள். உன் மாமா ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே வரும்போதெல்லாம் நான்சி புராணம்தான். உன் அப்பாகூட, “பொண்ணு கேட்டுப் போலாமா மச்சான்” என்று கிண்டல் செய்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கூடத்தில் என்னையும் இப்படித்தான் மெச்சினார்கள்.

ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பணம் போடுவதில்லை என்று அவனே தன் கணக்கில் ஒரு வரம்பு வைத்திருந்தான். அன்றைக்குத் தோற்றுத் தோற்று வெறி பிடித்து, அந்த வரம்பைத் தூக்கு என்று நான்சியிடம் கேட்டிருக்கிறான். அவள் தூக்கவில்லை. “பாருக்கா, கஸ்டமர் சப்போர்ட்டாம். வரம்பத் தூக்கச் சொன்னா கஞ்சி குடிக்கச் சொல்றா. மேலிடத்துக்குக் காட்டமா ஒரு புகார் எழுதிப் போட்டுட்டேன்” என்று போனை என் கையில் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். “சார், ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. மண்சட்டியில கொதிக்கக் கொதிக்க மீன் கஞ்சி வாங்கி, ஊதி ஊதிக் குடிச்சிட்டு வாங்க. மேசை எங்கயும் ஓடிப் போகாது” என்று இருந்தது.

இன்னொரு தரம் படித்தேன். ஊரே கஞ்சி குடிக்கிறது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது என் வித்தை அல்லவா. விருந்தினரிடம் போதும், எழுந்திருங்கள் என்று நாங்கள் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போய்விடும். அதனால் அழிந்துகொண்டிருக்கிற ஆளைப் பார்த்தால் அவர் கேட்காமலே மண்சட்டிக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் ஓரத்து மேசையில் வைப்பேன். சீட்டு மேசைத் துணியில் சிந்தக் கூடாது என்பதால் அவர் எழுந்து வந்தாக வேண்டும். அவசரமாகக் குடித்தால் நாக்கு வெந்துவிடும். கஞ்சி ஆறுவதற்குள் மனிதரும் கொஞ்சம் ஆறிவிடுவார், சிலர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேசை எங்கும் ஓடிப் போகாது என்று சொல்லித்தான் கூப்பிடுவேன். கூடத்தில் யாருக்கும் இது தெரியாது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன்னிடமும் அப்பாவிடமும் மட்டும்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ துணிக்கடைக்கு இணையத்தில் பதில் சொல்லும் வேலை என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய். இத்தனை நாளில் ஒரு சட்டையைப் பற்றிக்கூட நீ பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் மாமாவிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து நான்சி இல்லை, ரோஸி என்று ஒருத்தி வந்தாள். தேன் ஒழுகப் பேசுகிறாள். கேட்ட மாத்திரத்தில் வரம்பைத் தூக்கினாள், பரிசுப் பணம் வேறு கொடுத்தாள், அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து வந்தது. “இதுதான்க்கா சேவை” என்று பூரித்துப் போனான். போதாத காலம், அந்த வாரம் ஜெயித்தும்விட்டான், நல்ல தொகை. எடுக்கப் போனால் ரோஸி அடையாள அட்டைப் படம் கேட்டாள், அனுப்பினான். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் கேட்டாள், அனுப்பினான். மின்சாரக் கட்டண ரசீது கேட்டாள். பிறகு படம் மங்கல், மறுபடி அனுப்புங்கள் என்றாள். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ. மோந்து பார்த்தே ஊரை எடைபோடும் மனிதன், இலவு காத்த கிளியாக உட்கார்ந்துகொண்டு, “தாமதமானாலும் மரியாதையாப் பேசுறாக்கா” என்கிறான். மரியாதையாகப் பேசித்தான் நானும் எத்தனையோ பேரை மேசையை விட்டு எழவிடாமல் செய்திருக்கிறேன்.

போன வாரம் அவன் குளிக்கப் போனபோது போனை எடுத்து நானே ரோஸிக்கு எழுதினேன். நான்சி எங்கே என்று கேட்டேன். நான்சி வேறு பிரிவுக்கு மாறிவிட்டார், நான் அவரைவிட நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று உடனே பதில், கூடவே ஒரு இதயப் படம். எங்கள் கூடத்திலும் ஒரு பெண்ணை அழவைத்து அனுப்பிவிட்டு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறாள் என்றுதான் விருந்தினரிடம் சொல்வோம். அடுத்து, ரோஸி நீ சாப்பிட்டாயா என்று எழுதினேன். நம் ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவர்கூடக் கேட்கிற கேள்வி, சாப்பிட்டேன், நீங்கள் என்று யோசிக்காமல் வாயில் வந்துவிடும். அவளுக்கு வரவில்லை. எழுதுகிறாள் என்று புள்ளிகள் ஓடுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஓடுகின்றன. உன் மாமா குளித்து முடிக்கிற சத்தம் கேட்கிறது, நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில், உங்களுக்கு வேறு என்ன உதவி வேண்டும் என்று வந்தது. பூவும் இல்லை, இதயமும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான்சி நீ, புகார் வந்ததால் உன்னை எங்கோ தள்ளிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். நான்சியும் நீதான், பெயரை மாற்றி, இனிக்கப் பேசக் கற்றுக்கொடுத்து, ரோஸியாக அதே நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள், சொந்த மாமாவின் பணத்தை நீயே இழுத்தடிக்கிறாய் என்று இன்னொரு பக்கம் நினைக்கிறேன். இரண்டுமே என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் நான்சி காணாமல் போன வாரத்திலிருந்துதான் நீ போனில் முகம் காட்டுவதில்லை, கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். பின்னால் யாரோ இருமுகிறார்கள், யாரது என்றால் டிவி என்கிறாய். புத்தாண்டுக்கு வருகிறேன் என்றவள் பாஸ்போர்ட் ஏதோ ஆபீசில் இருக்கிறது என்றாய், எந்த ஆபீசில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெற்றவளுக்கு இது போதாதா பெண்ணே, பயமாக இருக்கிறது.

முந்தாநாள் உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். முதலில், “ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம், ஒரு நாளு மச்சானையே உளவாளிம்ப” என்று சிரித்தான். கஞ்சிக் கதையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு, “எத்தன எடத்துல எத்தன பேருகிட்டக் கேள்வி கேட்டிருப்பேன். எழுந்து போய்ச் சாப்பிடுன்னு சொன்னது அவ ஒருத்திதான். அவ மேல போய்ப் புகார் எழுதினேனே அக்கா” என்று சொல்லி அழுதான். அவன் அழுது நான் பார்த்தது எங்கள் அம்மா போனபோதுதான். நான்சியைப் புகழ்ந்து எழுதிப் போடுகிறேன் என்று கிளம்பினான், நான்தான் தடுத்தேன். மக்காவ்காரன் ஒருவன் ஒரே பெண்ணைத் திட்டுவதும் புகழ்வதுமாக இருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வரும், என் ஒருத்தி சந்தேகமே போதும். ஜெயித்த பணத்தை இனிக் கேட்கப் போவதில்லை, ரோஸி நீயாக இருந்தால் கேட்கக் கேட்க உனக்குத்தான் ஏச்சு விழும் என்கிறான். விளையாட்டையே விட்டுவிட்டேன் என்றும் சொல்கிறான், அதை நான் முழுதாக நம்பவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ஞாயிற்றுக்கிழமை மதியம் புய்-சி உன்னை பினோண்டோ சீனத் தெருவில் திம்சம் பலகாரம் சாப்பிடக் கூப்பிடுவாள். தனியாக விட மாட்டார்கள், கூட யாராவது வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வரட்டும், அவர்களுக்கும் சேர்த்து அவள் வாங்கிக் கொடுப்பாள். நீ எதுவும் பேச வேண்டாம், அவளும் கேட்க மாட்டாள். பாஸ்போர்ட் உன் கையில் இருந்து, நினைத்த நேரம் அந்த இடத்தை விட்டு வெளியே வர முடியுமென்றால் தேநீர்க் கூஜாவின் மூடி மூடியபடியே இருக்கட்டும். முடியாது என்றால் மூடியை எடுத்துக் கூஜா வாயில் சாய்த்து வைத்துவிடு. வெந்நீர் வேண்டும் என்பதற்கு எல்லோரும் அப்படித்தானே வைக்கிறோம், பக்கத்தில் இருப்பவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பரிமாறுகிறவர் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டுப் போனால் மறுபடி திறந்து வை. நிஜமாகவே வெந்நீர் தீர்ந்துவிட்டால் மட்டும் வாயால் கேள், மூடியில் கை வைக்காதே. மூடி திறந்திருந்தது என்று புய்-சி சொன்னால் மறுநாள் நானும் மாமாவும் அங்கே வந்து நம் தூதரகத்தின் வாசலில் நிற்போம், அப்பா பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு இங்கே போன் பக்கத்தில் இருப்பார்.

கடவுள் உன் பக்கம் இருக்கட்டும், உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் உன்னை நான் பார்க்க வேண்டும். பிஸ்கட்டை ஈரக் காற்றில் வைக்காதே, கூட இருக்கும் பெண்களுக்கும் கொடு. கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு. முக்கியமானது ஒன்று, மாமாவுக்கு அப்படிச் செய்துவிட்டோமே, அம்மாவிடம் பொய் சொன்னோமே என்று வெட்கப்பட்டு மூடியை மூடியே வைத்துவிடாதே. நீ நான்சியாக இருந்தாலும் திற, ரோஸியாக இருந்தாலும் திற. திட்டுவதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா