சிம்பல் கொஞ்சம் அதிகம்

மார்ச் 4

அன்புள்ள இடி,

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? டயர் கடை எப்படிப் போகிறது?

ஒரு நல்ல சேதி. நம் ராக் குழுவின் முதல் ரெக்கார்டை இருபத்தெட்டு வருடம் கழித்து கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது. பழைய டேப்புகளை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். கித்தாரை ஆணியில் மாட்டிவிட்டு மிக்சிங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த இந்தப் பதினேழு வருடத்தில் யார் யார் பாட்டையோ சரிசெய்து கொடுத்தாயிற்று. நம் பாட்டைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

அன்று நம்மைப் பதிவு செய்த புண்ணியவான், டிரம்ஸில் நீ உயிரைக் கொடுத்து அடித்த சிம்பல் தட்டைத் தலையணைக்கு அடியில் அமுக்கிவிட்டார். நான் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். இத்துடன் உள்ள சிடியைக் கேட்டுவிட்டு எழுது. போனில் உன்னிடமிருந்து "ம்", "சரி" தவிர எதுவும் பெயராது. ஏப்ரல் கடைசியில், இதுதான் சரி என்று கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உன்,
கம்பி

மார்ச் 15

அன்புள்ள கம்பி,

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு, டயர் அடுக்குகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் உன் கித்தார் நுழையும் இடத்தில் அழுதேவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று. சிம்பல் கொஞ்சம் அதிகமோ? உன் தங்கச்சிக்காக வீட்டில் போட்டுக் காட்டினேன். அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "என்னங்க, பாத்திரத்தையெல்லாம் உருட்டிட்டீங்களா?" என்கிறாள். கட்டிய மனைவியிடம் எனக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். ஒரு நூல் குறைத்துப் பாரேன்.

அன்புடன்,
இடி

மார்ச் 23

டேய் இடி,

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நாள் முழுக்கக் காற்றடிக்கும் மிஷின் பக்கத்தில் நிற்பவன் எனக்குச் சத்தம் சொல்லிக் கொடுக்கிறான். தங்கச்சியிடம் சொல், அவள் புருஷன் அடித்தது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

திரும்பவும் கேட்டேன். எனக்கு இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. அதனால் இன்னொரு நூல் ஏற்றியிருக்கிறேன், புது சிடி இத்துடன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளும் உன்னைப் போலத்தான். போன மாதம் ஒரு பாடகி, "சார், காதுல குத்துது" என்று சொல்லித் தன் ரெக்கார்டையே வேறு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்த வருடத்தில் இது மூன்றாவது. போகட்டும் விடு.

கம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள கம்பி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

புது சிடியைக் கடையில் கேட்டேன், காரில் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டேன். மூன்று இடத்திலும் பல் கூசியது. ரெக்கார்டில் குறை இல்லை, கம்பி. உன் காதில்தான் ஏதோ ஆகியிருக்கிறது. உனக்குக் கேட்காததை நீ ஏற்றிக்கொண்டே போகிறாய். உன்னை விட்டுப் போன அந்த மூன்று பேரும் சொன்னது பொய்யில்லை.

அந்த ரெக்கார்டு வந்த மாதம் ஞாபகம் இருக்கிறதா? குழுவில் மற்ற இரண்டு பேரும் தலையை மறைத்துக்கொண்டார்கள். நீ ஒருவன்தான் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "உன் தாளம் நிக்காம ஓடுதுடா. நாங்க வேற ஆளப் பாக்குறோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாய். நாலு வருடம் உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் நீ சொன்னது நிஜம். அன்று நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாற்பது வயது வரை தாளம் ஓடும் டிரம்மராகவே சீரழிந்திருப்பேன். இந்தக் கடை ஏது, உன் தங்கச்சி ஏது, இரண்டு பெண்கள் ஏது? இதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றிடா.

நான் சீக்கிரமே விலகியதில் என் காது பிழைத்தது. நீ பதினோரு வருடம் மேடையில் அந்த ராட்சச ஸ்பீக்கர் முன்னால் நின்றாய். காது டாக்டரிடம் போ. அப்புறம் கையெழுத்துப் போடு. கோபப்பட்டால் படு.

உன்,
இடி

ஏப்ரல் 25

கம்பி,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் ஒரு வெற்றுத் தாளையாவது மடித்து அனுப்பு. அதைப் பார்த்தால் நீ இருக்கிறாய் என்று தூங்குவேன்.

இடி

மே 6

அன்புள்ள இடி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் பொறுக்கி எடுத்து ஒட்டினேன்.

போனேன். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறை. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். முதலில் அழுத்தினேன். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "மிஷின் நின்னு போச்சாம்மா?" என்று கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "சார், மூணு நிமிஷமா சத்தம் வந்துக்கிட்டுதான் இருக்கு."

பரிசோதனைத் தாளில் என் காது கேட்பதைக் காட்டும் கோடு, கூர்மையான மேல்சத்தம் தொடங்கும் இடத்தில் கிணற்றில் விழுகிறது. போனது திரும்பி வராது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

கம்பெனியிடம் இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போன மூன்று பேருக்கும் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருத்தி அழுதாள். தன் குரல்தான் மட்டம் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள், பாவி நான்.

நம் ரெக்கார்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம், கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கொடுக்க மனம் வரவில்லை. ஒரு வாரம் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வருகிறாயா? கெஞ்சித்தான் கேட்கிறேன்.

கம்பி

ஜூலை 19

அன்புள்ள இடி,

நேற்று ரெக்கார்டு வந்தது, உனக்கு இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். அட்டையின் பின்புறம் பார். மிக்சிங் என்ற இடத்தில் நம் இரண்டு பேருமே இருக்கிறோம். கம்பெனிக்காரர், "அவர் பேர டிரம்ஸ்ல ஒரு தடவை போட்டாச்சே சார், மறுபடி எதுக்கு?" என்றார். விளக்கினால் பொழுது போய்விடும் என்று, "போடுங்க" என்றேன்.

நீ வந்து இங்கே இருந்த எட்டு நாளும் நான் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு திருகினேன். நீ கண்ணைச் சுருக்கினால் குறைத்தேன், புருவம் இறங்கினால் கையை எடுத்தேன். நான் செய்ததிலேயே நல்ல ரெக்கார்டு இதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பத்தான் வேண்டும். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, இடி. அன்று நான் சொன்னது என் பிழைப்புக்காக. நீ சொன்னது எனக்காக.

மிக்சிங்கை விட்டுவிட்டேன். மேசையை ஒரு கெட்டிக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்தாயிற்று. இனி தயாரிப்பாளர் வேலை மட்டும். போன வாரம் ஒரு புதுப் பாடகி வந்தாள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன், "மேல்சத்தம் எனக்குக் கேக்காதும்மா. அத வேற ஆள் பாத்துக்குவாங்க. நீ நெஞ்சுலேருந்து பாடுறியா, சும்மா பாடுறியான்னு மட்டும் எனக்குக் கேக்கும்."

கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

என்றும் உன்,
கம்பி