தளிகைக்கு முன் போட்ட ஊசி

2013, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

காலையில் பூஜைக்கு இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், மகள் கோமதி. வழக்கம்போல அவருக்கு இன்சுலின் போட்டேன். கூடவே இந்த வாரம் டாக்டர் புதிதாகச் சேர்த்த ஊசியும். இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். ஆனால் பெருமாளுக்குத் தளிகை படைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. முன்பெல்லாம் பசிக்குது என்று அவரே வந்து நிற்பார். புது ஊசி பசியைக் கொன்றுவிட்டது. பசி என்று கேட்கவே இல்லை.

"அப்பா சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சி கீதும்மா," என்றாள் கோமதி. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. படைக்காத சர்க்கரைப் பொங்கலை எப்படிக் கொடுப்பது என்று நான் நின்றுவிட்டேன். அவள்தான் அள்ளி ஊட்டினாள்.

"சுகர்காரனுக்கே பொங்கலா," என்று அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்சுலினைக் குறைக்கலாமா என்று கேட்கக் கூப்பிட்டேன், டாக்டர் போனை எடுக்கவில்லை. மருந்துக் கடைக்காரரும், "அவரைக் கேக்காம நான் சொல்லக் கூடாதும்மா," என்றார்.

லீவு போட்டால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி போட வேண்டிய இன்சுலினை அவர் பையில் வைத்தேன். போடுங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேன்டீனில் சாப்பிட்டாரோ என்னவோ.

பெருமாளே, இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும்? அந்த டாக்டரைச் சீக்கிரம் பதில் சொல்ல வை.