சிக்னல் இல்லாத வீட்டுக்கு ஒரு புத்தகம்

ஜூலை 9, புதன்

இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் புத்தகம் யாருடையது? என்னுடையதா, விற்ற கடையுடையதா? மூன்று கடைகளின் விதிமுறைகளையும் படித்தாயிற்று. எனக்குத் தெரியவில்லை.

காலையில் வெயில். மதியத்துக்கு மேல் வெறும் காற்று. துணியெல்லாம் மண்.

தேவை: இரண்டு பேர் மட்டும் ஆடக்கூடிய கதாபாத்திர விளையாட்டுப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

இதுவரை மூன்று பேராக ஆடினோம். ரெஹானா கதை நடத்துவாள், நானும் மலரும் பாத்திரங்கள். கதவு பூட்டியிருக்கிறது என்பாள் ரெஹானா. உடைக்கிறோமா, தட்டுகிறோமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இரண்டு வருடமாக மாதம் ஒரு ஞாயிறு, மலை மேல் கரியாலூரில் மலர் வீட்டில். தங்கை மலர் அங்கே நர்ஸ். கணவர் இறந்த பிறகு அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். ரெஹானா இந்த மாதக் கடைசியில் மருந்துக் கடையை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போகிறாள்; இந்த ஞாயிறு வருவதே சந்தேகம்.

மலர், போனில்: "ரெஹானாக்கா போனப்புறம் இன்னாத்துக்குக்கா அது? உட்டுடலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதை விட்டால் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டியா. மழையா. மாத்திரை போட்டியா. விளையாட்டில்தான் அவள் சிரிக்கிறாள், பொய் சொல்கிறாள். போன மாதம் ஒரு பாலத்தின் மேல் நின்று என்னைத் திட்டினாள். பாத்திரமாகத் திட்டியது. அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய. கண்ணாடிக் கடைக்குப் போக.

ஜூலை 10, வியாழன்

கல்லூரியில் விலங்கியல் விடைத்தாள் கட்டு. தவளையின் இதயத்துக்கு நான்கு அறைகள் என்று பாதிப் பேர். மாலையில் கடைகள்.

பெ.க. (பெரிய கடை): எல்லாம் இருக்கிறது, தேடினால் எதுவும் கிடைக்காது. 'இருவர்' என்று தேடினால் ஐந்து பேர் ஆடுவதும் வருகிறது. மதிப்புரை எல்லாம் ஐந்து நட்சத்திரம். அட்டை அருமை என்கிறார்கள். ஒருவராவது ஆடிப் பார்த்தார்களா? கோப்பாகப் பதிவிறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயரை அச்சிடுவார்கள், திருட்டுக்குப் பயந்து. என் பெயர் ஒரு புத்தகத்தில் வர இதுதான் வழி போல.

சி.க. (சின்னக் கடை): எழுதியவர்களே விற்பது. சிலதுக்கு விலையை நாமே போடலாம். முடியாதவர்களுக்கென்று சில பிரதிகள் இலவசம், காரணம் கேட்பதில்லை. பிடித்திருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. பார்த்ததில் பாதி அரைகுறை, 'மீதி விரைவில்'.

செ.க. (செயலிக் கடை): மூன்றிலும் அழகு இதுதான். எழுத்தைப் பெரிதாக்கலாம், என் கண்ணுக்கு வசதி. பகடை திரையிலேயே உருளும். ஆனால் புத்தகம் அவர்கள் செயலியை விட்டு வெளியே வராது. இணையம் இல்லையென்றால் திறக்காது. கடையை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பத்தி இருக்கிறது. எதையும் சொல்லாமல் நீளமாக எழுதத் தெரிந்தவர் எழுதியது.

மலர் வீட்டில் சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரியிலும் இல்லை. என்னோடு பேசக்கூட மலைப்பாதையில் ஒரு வளைவு வரை வண்டியில் இறங்கி வர வேண்டும். ஆகவே செ.க. வேண்டாம். அவள் பேசும்போது இதைச் சொன்னேன்: "அந்தக் கடையெல்லாம் ஏமாத்து வேல. மேல வந்தா தொறக்கவே தொறக்காது."

"ஓ" என்றாள்.

ரெஹானா, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே: "இன்னா டீச்சர், புஸ்தகம் வாங்கறீங்களா, மாப்ள பாக்கறீங்களா? நாலு நாளா கொறையே சொல்லிகினு கீறீங்க."

ஜூலை 11, வெள்ளி

ஞாயிறு பஸ் நேரம் கேட்க பஸ் ஸ்டாண்டுக்கு. மலைக்குப் போகும் வண்டியின் கண்டக்டர் என்னை அடையாளம் வைத்திருக்கிறார்.

"நர்சம்மாவோட அக்காதானங்க? ஒங்க தங்கச்சி சாய்ந்தரம் ஆனா அந்த வளைவுல வண்டிய நிறுத்திக்கினு, கட்டச் செவுரு மேல ஒக்காந்து போனையே பாத்துகினு இருக்குது. மழ வந்தாலும் கொடைய புடிச்சிகினு ஒக்காந்திருக்குது. ஆரன் அடிச்சாகூட திரும்பறதில்லீங்க. எதுனா பிரச்சனையா?"

"தெரியலீங்க" என்றேன். உண்மைதான்.

என்னோடு பேசுவது வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம். மற்ற நாளெல்லாம் யாருக்காகக் காத்திருக்கிறாள்? யாராவது இருக்கிறார்களா? இருந்தால் நல்லதுதானே. யாரும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால்?

பெ.க.வில் வாங்கிவிட்டேன். கார்டை முதலில் ஏற்கவில்லை, பிறகு ஏற்றது. படங்களோடு இருந்த கோப்பைத் திறந்ததும் போன் நின்றேபோனது. கறுப்பு வெள்ளையில் இன்னொன்று கொடுத்திருக்கிறார்கள், அது திறக்கிறது. இணையத்தை அணைத்து, விமானப் பயன்முறையில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் திறக்கிறது.

கதை: மலைக் கணவாயில் ஒரு காவல் வீடு. வழிப்போக்கர்களுக்காக அங்கே விளக்கு எரிய வேண்டும். ஒருத்தி கதை சொல்ல, ஒருத்தி விளக்கைப் பார்த்துக்கொள்வாள். தட்டுகிற யாரை உள்ளே விடுவது என்பதுதான் விளையாட்டு.

ஜூலை 12, சனி

புழுக்கம். மலைப் பக்கம் கறுத்திருக்கிறது.

முதல் பக்கத்தின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், சமையல் மேடையைப் பார்த்து. செய்முறை வகுப்பு மாதிரி இருந்தது.

ரெஹானா பகடைகளைக் கொடுத்தனுப்பவில்லை, அவளே கொண்டு வந்தாள். மூட்டை கட்டும் வேலை, நாளை வர முடியாது. "பாடம் நடத்தாதீங்க டீச்சர். கேள்விய கேட்டுட்டு வாய மூடிக்கினு இருங்க. அவ்ளோதான் வித்த." வாசலில் நின்று கொஞ்சம் அழுதாள். நான் பகடைகளை எண்ணுவது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மலரிடம் கேட்க வேண்டியது: வளைவில் என்ன செய்கிறாய்? கேட்க மாட்டேன் என்றும் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

பஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை. வளைவில் எட்டிப் பார்த்தேன். கட்டைச் சுவர், ஒரு குரங்கு.

மலர் வழக்கம் போல டீ போட்டாள். "சாப்டியா." "சாப்டேன்." ரெஹானா இல்லாத பாயில் இரண்டு பேர். போனைத் திறந்தேன். திறந்தது. எனக்கே பெருமை. "ஆடித்தான் பாப்பமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்: கணவாயின் உச்சியில் ஒரு வீடு, அதில்...

"மூணு ஜன்னல், ஒண்ணு மூடாது" என்றாள் மலர்.

நிறுத்தினேன். அடுத்த வரி அதுதான்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கிட்டயும் இருக்குது."

"எப்ப வாங்குன?"

"ரெஹானாக்கா போறேன்னு சொன்னாங்களே, அன்னிக்கி."

"எந்தக் கடையில?"

"நீ ஏமாத்து வேலைன்னு சொன்ன கடையில." டம்ளரைக் கழுவும் சாக்கில் எழுந்து போனாள். "வூட்ல தொறக்கல. வளைவுக்குப் போனாத்தான் தொறக்குது. தெனம் ரெண்டு பக்கம் படிச்சி, தலையில ஏத்திக்கினு வந்துடுவேன். வேற இன்னா பண்றது?"

மழையில் குடையோடு. ஆரன் அடித்தாலும் திரும்பாமல்.

"அப்ப எதுக்குடி உட்டுடலாம்னு சொன்ன?"

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. "நான் நடத்தறேன்னு சொன்னா நீ மார்க் போடுவ. அதான், உட்டுடலாம்னா இன்னா சொல்றன்னு பாக்கலாம்னு சொன்னேன். அன்னிக்கி நீதான் ஒண்ணுமே சொல்லலியே."

போனில் என் பெயர் அச்சிட்ட பக்கம் அப்படியே இருந்தது. அணைத்து அவள் பக்கமாகத் தள்ளினேன். அவள் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த சுவர் ஓரத்தைக் காட்டினாள். "அங்க நகரு. கதை சொல்றவங்க எடம் அது."

நகர்ந்தேன்.

"வெளிய மழ. வெளக்குல எண்ண கம்மி." குரல் மாறிவிட்டது. ரெஹானாவைப் போலவும் இல்லை, புத்தகம் போலவும் இல்லை. "யாரோ கதவத் தட்டறாங்க. இன்னா பண்ற?"

"யாருன்னு கேக்கறேன்."

"பதில் இல்ல. திரும்பத் தட்டறாங்க."

"தொறக்கறேன்."

"தாப்பா ஈரத்துல இறுகிக்கிச்சி. உருட்டு. நாலுக்கு மேல வந்தாத்தான்."

உருட்டினேன். மூன்று.

"பத்தாதுக்கா" என்று சிரித்தாள். "இன்னொரு தபா உருட்டு. அவங்க நிக்கறாங்க, போவ மாட்டாங்க."

உருட்டிக்கொண்டிருந்ததில், கீழே போகும் கடைசி பஸ் போய்விட்டது.