மீன், பிறை, கதவு

தஞ்சோங் டாவாய்,
வியாழன் இரவு.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஹனிஸ் இப்போதுதான் தூங்கினாள். வாட்சாப்பில் எழுதலாம்தான். ஆனால் எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் மூன்று படங்களை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுகிறேன். அதனால்தான் பேனா எடுத்தேன். உங்கள் மீரி ஆபிஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். நடுக்கடல் எண்ணெய் மேடையிலிருந்து நீங்கள் கரைக்கு வரும்போது கொடுப்பார்கள்.

பிள்ளைக்கு இருமல் குறைந்திருக்கிறது. மருந்தைத்தான் துப்பிவிடுகிறாள். அவள் தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாமி பார்த்தால் சிரிப்பார்.

போன வாரம் உங்களுக்கு வந்த கருவாட்டுப் பார்சலை நான் அனுப்பவில்லை, மச்சான்.

கல்யாணமான புதிதில், அலோர் ஸ்டாரில் கணக்கியல் படித்துவிட்டு வந்த எனக்கு மீன் அறுக்கத் தெரியாது. மாமிக்குத் தெரியாமல் பின்வாசலில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து நீங்கள் செதில் சுரண்டினீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். நீங்கள் முதன்முதலாக மேடைக்குச் சமைக்கப் போனபோது, சரியாக லைன் கிடைக்காத அந்த இடத்திலிருந்து மீன், பிறை, கதவு என்று மூன்று இமோஜிப் படங்கள் வந்தன. பார்த்ததும் புரிந்தது. அதற்குப் பிறகு 'மனசு உன்னைத் தேடுது' என்று நாம் வார்த்தையில் எழுதியதே இல்லை.

அந்தப் பார்சலுக்கு முன்னால் ஒருநாள் அதே மூன்று படங்களைத் தவறுதலாகக் குடும்பக் குரூப்பில் அனுப்பிவிட்டேன். நம் கருவாட்டுக் கடைக்கு வாடிக்கையானவர்கள் மாமியிடம் போனில் மீன் படம் போட்டுத்தானே கருவாடு கேட்பார்கள். மாமி இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். நோன்புப் பிறைக்கு முன்னால் மகன் வாசலுக்கு மீன் போய்ச் சேர வேண்டுமாம்.

"இதுக்கா ராவெல்லாம் போனை நோண்டிக்கிட்டிருந்தே? வாயத் தொறந்து சொல்லு லா, நான் கட்டித் தரமாட்டேனா?" என்றார்.

நெத்திலியைப் பரப்பி நல்லதாகப் பொறுக்கினார். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகும் பார்சல் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் எதையோ அதற்குள் வைத்து அனுப்புகிறார் என்று எனக்குப் பட்டது.

பார்சல் கிடைத்ததும் நீங்கள் கட்டைவிரல் படம் போட்டீர்கள். மேடையில் எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டதாக எழுதினீர்கள். மாமிக்குப் படித்துக் காட்டினேன், பக்கத்து வீடெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் குரூப்பில் அந்தப் படங்களை நீங்களும்தானே பார்த்தீர்கள்? உங்களுக்கும் மீன் மட்டும்தான் தெரிந்ததா?

மறுபடியும் உங்கள் நம்பருக்கே தனியாக அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. ஹனிஸ் அதற்கு முத்தம் கொடுக்கிறாள். அது வந்தால் அத்தா வந்துவிட்டதாக நினைக்கிறாள்.

நேற்று உங்கள் தங்கை ஜரீனா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, அண்ணன் இன்னும் இரண்டு வருஷ மேடை வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாராமே என்றாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். நானும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, ஹனிஸ் வந்து பாவாடையை இழுத்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

போடக் கூடாது என்று சொல்லவில்லை. பெருநாளுக்கு வரமாட்டீர்கள் என்றாலும் தாங்கிக்கொள்வேன். அதை உங்கள் வாயால் கேட்டிருந்தால் போதும். கையெழுத்துக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

அடுப்பருகே கவனமாக இருங்கள். கடல் கொந்தளிக்கும்போது வெளியே நிற்காதீர்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பானாக.

இந்த முறை படம் வேண்டாம், மச்சான். ஒரே வரியானாலும் எழுத்தில் எழுதுங்கள். கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
தலீலா