நீ ஜெபிக்கவில்லை, நேரம் பார்த்தாய்

அன்புள்ள ஞானம்,

குடல் கறுத்துப்போன என்னை டாக்டரே கைவிட்டுவிட்டாள், ஜெபம்தான் பிழைக்கவைத்தது என்று செல்லூரில் என்னைப் பற்றிச் சொல்லித் திரிகிறார்கள். நீ இறந்த பிறகு அந்தக் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. அது தப்பு. ஆபரேஷன் மேசையில் கிடந்தவள் நான்.

தொடையிடுக்கில் வந்த வீக்கத்தை, வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்று விளக்கெண்ணெய் குடித்தேன். அந்த மடத்தனத்தை மறைக்கமாட்டேன். குடல் பிதுங்கி இறுகிக் கிடந்தது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தாய். முகத்துக்கு முன்னால் துணித்திரை. காது மட்டும் வேலை செய்தது.

"நாவல்பழமாட்டம் இருக்கே டாக்டரம்மா, வெட்டிடலாமா?" என்றாள் நர்ஸ் எஸ்தர்.

"பொறு. இறுக்கம் இப்பத்தானே விட்டிருக்கு. வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில துணி நனைச்சுக் கொண்டா. ரத்தம் ஓடுதான்னு பார்ப்போம்."

பிறகு நீ முணுமுணுத்தாய்: "அருள் நிறைந்த மரியே..." வெளியே நின்ற என் நாத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. டாக்டரே சாமியைக் கூப்பிட்டால் இனி என்ன இருக்கிறது என்று ஓலமிட்டாள். கதை அங்கேதான் பிறந்தது.

கான்வென்ட் சமையல் வகுப்பில் கடிகாரம் இல்லாமல் முட்டை அவித்த நமக்கல்லவா தெரியும்? ஒரு முட்டைக்கு அந்த ஜெபம் பன்னிரண்டு முறை. நானும் உன்னோடு எண்ணினேன், இருபத்தேழு வரை. அதற்குமேல் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஞானம், முட்டை வெந்துடுச்சாடி?"

"பேசாம கிட விசாலம். குடலைவிட உன் வாய்க்குத்தான் ரத்த ஓட்டம் ஜாஸ்தி."

எஸ்தர் சிரித்தாள். எனக்கு எண்ணிக்கை தவறியது. உனக்குத் தவறவில்லை. துணியை மாற்றி மாற்றிப் பொறுத்திருந்தாய். கடைசியில் உன் குரல் மாறியது: "பாரு எஸ்தர், சிவந்துட்டு வருது. பளபளப்பு திரும்புது. இந்தச் சவ்வுல நாடி துடிக்குது, தொட்டா நெளியுது. வெட்ட வேண்டாம்."

இதை அதிசயம் என்றால் உன் கண்ணுக்கும் பொறுமைக்கும் என்ன மரியாதை?

ஆனால் முதலில் வந்தது எது? நிறமா, நாடியா? எத்தனையாவது ஜெபத்தில்? உன் இடத்துக்கு வந்திருக்கும் சின்ன டாக்டர் போன வாரம் கேட்டாள்: "அவங்க எம்புட்டு நேரம் பொறுத்தாங்கம்மா? விளாங்குடிக்காரி ஒருத்திக்கு அவசரப்பட்டு வெட்டிட்டேனோன்னு மனசு அடிச்சுக்குது." இருபத்தேழுக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. நீ இருந்தபோது ஏன் கேட்காமல் போனேன்? உனக்கு நன்றி சொல்லவே எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

யார் அந்தக் கதையைச் சொன்னாலும் அங்கேயே நிறுத்தித் திருத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்; யுத்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன எஸ்தர் அதில் படித்தால், அவளுக்கு ஒரு வார்த்தை: எஸ்தர், நீ பக்கத்தில் நின்றாய். ஊகம் வேண்டாம். நினைவிருப்பதை மட்டும் எழுதி, தபாலில் பதில் அனுப்பு.

உன் உடன்பிறவாத சகோதரி,
விசாலாட்சி