பின்சக்கரத்தின் உள்விளிம்பு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கேன் அண்ணி" என்று மூன்று வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறாய். அதனால் கேட்கவில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அது போதும்.

போனில் பேசியிருக்கலாமே என்று தோன்றும். போன வருடம் இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் பஸ் காத்திருக்கிறது என்று வைத்துவிட்டாய். பணிமனை என்றால் பஸ் காத்திருக்கத்தான் செய்யும். கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாது. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுதுகிற கை சரியாகத்தான் இருக்கிறது. தாளை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடது கைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

விஷயம், நீங்கள் அண்ணனும் தம்பியுமாக ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தி வைத்தீர்களே, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நாலு வருடத்துக்கு முன்னால் மழையில் அந்த வலது வளைவில் சுழன்று, என் பக்கத்துக் கதவோடு போய்ச் சுவரில் மோதிய அதே வண்டி. கதவை மட்டும் மாற்றி, உறை போட்டு மூடி வைத்திருந்தார் உங்க அண்ணன். ஐந்து மாதத்துக்கு முன் உறையை எடுத்தார். நாலு புது டயர் போட்டார். நம் குட்டிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, சித்தப்பாவுக்கு நினைவிருக்கிறதா? அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகப்போகிறாள். தினமும் அந்த வண்டியில், போக வர எண்பது கிலோமீட்டர், மழையோ வெயிலோ.

நேற்று துணி உலர்த்தப் போனவள் குனிந்து பார்த்தேன். இடது பின் டயர், உள்விளிம்பில் மட்டும், கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது. உங்க அண்ணன் டயர் கடைக்கு எடுத்துப்போனார். மெஷினில் பார்த்து, அலைன்மென்ட் எல்லாம் சரி, டயர்தான் மட்ட ரகம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு யார் சரி, யார் தப்பு என்று தெரிய வேண்டாம். அதை நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊருக்கே கேட்கப் பேசி முடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல். என் பெண் அந்த வண்டியில் ஏறலாமா, கூடாதா?

நான் எழுதியது உங்க அண்ணனுக்குத் தெரியாது.

அன்புடன்
அண்ணி


மார்ச் 13

மதிப்புக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. குட்டியை ஏற விடாதீர்கள். முதல் பதில் அதுதான்.

பின்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், அல்லது முன்விளிம்பு ஒரு இழை உள்ளே திரும்பி இருக்க வேண்டும். வெளியே திரும்பிவிட்டால் டயர் உருளாது, தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். உள்விளிம்பு முதலில் போகும். அதைவிட மோசம், ஈரத்தில் பின்பக்கம் பிடிப்பை விட்டுவிடும். அன்று நடந்தது அதுதான். நிறைய கடைகளில் முன்சக்கரத்தைச் சரிபார்த்துவிட்டு, பின்னால் சும்மா ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அன்றே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. நான் சரியாக வைத்துக் கொடுத்த பின்சக்கரத்தை அண்ணன் திருகியிருக்கிறார். சக்கரம் உள்ளே சாய்ந்து நின்றால் பந்தயக்கார் மாதிரி இருக்கும் என்று அவருக்கு ஆசை. "கொஞ்சம் சாய்ச்சு வைடா" என்று கேட்டார், நான் மாட்டேன் என்றேன். பிறகு அவரே சாய்க்கப் போய்ச் சக்கரத்தை வெளியே திருப்பிவிட்டிருக்கிறார். செய்துவிட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

சாட்சி வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது. நான் எந்த நட்டை முறுக்கினாலும் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுப்பேன். யாராவது அரைச் சுற்று திருப்பினால்கூடக் கோடு ஒடிந்து இரண்டாகத் தெரியும். பின்சக்கரத்துக்கு உள்பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய நட்டுகள். தெரிந்தவர் யாரையாவது வைத்துப் பாருங்கள்.

அளவும் எடுத்துவிடுங்கள். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில், முன்னும் பின்னும் நாற்காலி போட்டு, வண்டிக்கு நேராக நூல் கட்டுங்கள். நூலிலிருந்து பின்சக்கர ரிம்மின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று பாருங்கள். முன்னால் குறைந்தால் சக்கரம் வெளியே திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மில்லிமீட்டர் கணக்கு, கவனம்.

இப்படிக்கு
தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

இருபத்திரண்டு வருடம் துணி வெட்டியவளிடம் மில்லிமீட்டர் கவனம் என்கிறாய். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உங்க அண்ணன் ஷிப்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு டாக்சிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஜாக்கி ஏற்றி, ஜாக்கியை நம்பாமல் அடியில் இரும்புத் தாங்கிகளும் கொடுத்தார். பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு வயிறு பெரிது, வண்டி தாழ்வு. பாதிக்கு மேல் போகவில்லை. கடைசியில் பழைய போர்வையை விரித்து நானே மல்லாந்து நுழைந்தேன். தலைமுடியெல்லாம் கிரீஸ். மாலையில் உங்க அண்ணன் என்ன வாசனை என்று கேட்டார், தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன் என்றேன். நாலு வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய்.

தம்பி, கோடு ஒடியவில்லை. இரண்டு பக்கமும் மண் ஒட்டியிருந்தது, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நட்டிலிருந்து இரும்புக்கு ஒரே இழுப்பு. நீ எப்படி இழுத்தாயோ அப்படியே இருக்கிறது. உங்க அண்ணன் தொடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

நூலும் கட்டினேன். நாற்காலி ஆடியது, மடியில் வைத்துத் துணி வெட்டுகிற பலகையைக் காலடியில் செருகினேன். அளவுகோலை இடது கையால் நிறுத்த முடியவில்லை, ரிம்மில் சாய்த்து முழங்கையால் பிடித்துக்கொண்டேன். மூன்று முறை எடுத்தேன். இடது பின்சக்கரம் முன்னால் 84, பின்னால் 84. வலது, முன்னால் 86, பின்னால் 83. உன் கணக்குப்படி எதுவும் வெளியே திரும்பவில்லை. கடைக்காரன் மெஷின் சொன்னதும் பொய் இல்லை.

அப்படியானால் டயரைத் தின்றது யார்? இந்த ஐந்து மாதமும் வண்டி ஓடியது குட்டி கற்றுக்கொள்ளத்தான். அவள் ஓட்டுவாள், உங்க அண்ணன் இடது பக்கம் உட்கார்ந்து சத்தம் போடுவார். வேறு யாரும் தொடவில்லை. ஒன்றாம் தேதி அவளை அனுப்பவா என்று தினமும் கேட்கிறார். நான் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் ஒளிப்பது?

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளில் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. "இடது பக்கம் உட்கார்ந்து" என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

தாழ்த்திய வண்டியில் ஆள் ஏறினால் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். அமுங்கினால் பின்சக்கரம் வெளியே திரும்பும். சாதாரண வண்டியில் அது கண்ணுக்கே தெரியாது, இதில் தெரியும். அதனால்தான் அந்த வண்டிக்கு எப்போது அலைன்மென்ட் பார்த்தாலும் அண்ணனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அவர் செய்தித்தாளோடு ஏறி உட்காருவார், நான் அடியில் படுத்து அவர் எடைக்குத் தகுந்தபடி வைப்பேன். வலது பக்கம் காலியாக இருக்கும்போது 86, 83 என்று உள்ளே திரும்பி நிற்பது அதனால்தான். அவர் ஏறினால் நேராகிவிடும். அந்த வேலையில் எனக்கு ரொம்பக் கர்வம்.

இடது சீட்டில் யாரையும் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. ஒருநாள்கூட. அது அண்ணனுடைய வண்டி, அவர் தனியாகத்தான் ஓட்டுவார் என்று இருந்துவிட்டோம். ஆள் ஏறினால் இடது சக்கரம் வெளியே திரும்பும். வலது வளைவில் பாரம் முழுவதும் இடது சக்கரத்தின் மேல்தான் விழும். அண்ணன் தனியாக எத்தனையோ மழையில் ஓட்டியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் ஏறிய முதல் நீண்ட பயணம் அதுதான்.

நான் நினைப்பது சரிதானா என்று நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். உங்கள் எடைக்குத் துணிக்கட்டுகளை இடது சீட்டில் ஏற்றி, சக்கரம் பாரத்துக்குப் படிய வண்டியை முன்னும் பின்னும் ஒரு முழம் தள்ளிவிட்டு, மறுபடி அளவு எடுங்கள். வெளியே திரும்பியிருந்தால் சந்தேகமே இல்லை. அதைச் சரிசெய்யலாம். இரண்டு சீட்டிலும் பாரம் இருக்கும்போது நட்டைத் தளர்த்தி, இடது சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமானால் நானே வந்து செய்கிறேன். அண்ணன் வாசலில் நிறுத்தினாலும் பரவாயில்லை.

அவர்மேல் நாலு வருடம் பழி போட்டேன். அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

துணிக்கட்டு ஏற்றினேன். ஐம்பத்தெட்டு கிலோ. இடது பின்சக்கரம் முன்னால் 82, பின்னால் 86. நாலு மில்லிமீட்டர் வெளியே. நான் ஏறினால் அந்த வண்டி என்ன செய்யும் என்பதை நூல் கட்டி நானே அளந்துவிட்டேன்.

நீ வர வேண்டாம் என்று முடிவு செய்தேன். உங்க அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, கடைக்கு விடுங்கள், நானும் வருகிறேன் என்றேன். அந்த இடது சீட்டில் நாலு வருடம் கழித்து ஏறினேன். அவர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துவிட்டு முந்திப் போனான்.

கடையில் மெக்கானிக்கிடம், நாங்கள் இருவரும் உள்ளேயே இருப்போம், அப்படியே பின்சக்கரத்தை வையுங்கள் என்றேன். "மேடம், யாரும் உள்ள உட்கார்ந்துகிட்டு அலைன்மென்ட் பார்க்கிறதில்ல" என்றார். "அதனாலதான் டயர் தேயுது" என்றேன். என் அளவுகளையும் உன் கடைசிக் கடிதத்தில் அந்தப் பத்தியையும் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, எழுதியவர் யார் என்று கேட்டார். என் கொழுந்தன் என்றேன். உடனே வண்டியோடு எங்களை லிஃப்டில் ஏற்றிவிட்டார்.

ஆளுயரத்துக்கு மேலே, இரண்டு பேர் மட்டும் கொள்கிற பெட்டிக்குள், ஒரு மணி நேரம். ஆடக்கூடாது, இறங்கவும் முடியாது. உங்க அண்ணன் எழுந்து போக முடியாத இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? பையிலிருந்து உன் கடிதங்களை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். மஞ்சள் கோடு வந்த இடத்தில், "நான் தொடலைன்னு எத்தனை தரம் சொன்னேன்" என்றார். கடைசிக் கடிதம் முடிந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த சீட்ல நீ உட்காருவேன்னு நானும் நினைக்கவே இல்லைம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழிருந்து மெக்கானிக், ஆடாதீங்க மேடம், அளவு மாறுது என்றார். ஆடாமல் எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்க அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதில் இன்னும் ஆடியது. வேலையைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தார்கள்.

இப்போது இருவரும் ஏறினால் இடது சக்கரம் ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது. பின்னால் இரண்டும் புது டயர். பத்து நாளாகக் குட்டி போய் வருகிறாள். நேற்று நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வளைவு வழியாகப் போய்வந்தேன். தூறல் இருந்தது. வண்டி நூல் பிடித்த மாதிரி திரும்பியது. தினமும் மாலையில் உள்விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன், சமமாக இருக்கிறது. உனக்கு வேலை தெரியும் தம்பி, அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

கீழே இறங்கியதும் உங்க அண்ணன் உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துகொள்வீர்கள். என் தப்பு என்பாய், இல்லடா என் தப்பு என்பார். அடித்துக்கொண்டபோதும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் கட்டோடு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடிக்கொள்ளும்போதும் அப்படியே இருக்க எனக்கு மனமில்லை. உங்க அண்ணன் அன்றைக்கு இரவே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். மீதி நீ.

உன் இரண்டு கடிதங்களையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். எடுத்துப் படி. டயர், நட்டு, ரிம், ஸ்பிரிங், அண்ணன், அவர் செய்தித்தாள், எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறாய். எதை விசாரிக்கவில்லை என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

படித்தேன். நாலு வருடமாக நான் கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறேன்.

உங்கள் கை எப்படி இருக்கிறது? எந்த விரல் மடங்கவில்லை? குளிர்காலத்தில் வலி கூடுகிறதா? துணியை அழுத்திப் பிடிக்க முடியாமல் எப்படி வெட்டுகிறீர்கள், இல்லை வெட்டுவதையே விட்டுவிட்டீர்களா? தையல் கடைப் பலகை இன்னும் வாசலில் இருக்கிறதா? இது ஒன்றும் எனக்குத் தெரியாது. அன்று வராந்தாவிலிருந்து பத்தடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளே வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்துதான் அப்படியே பஸ் ஏறினேன்.

அண்ணனிடம் பிறகு பேசிக்கொள்கிறேன். அவசரமில்லை.

நீங்கள் எழுதுங்கள். எத்தனை பக்கமானாலும்.

தம்பி